மூன்று மணிக்குத் திரும்பும் கேமரா

இங்கே தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் நான் தனிக்கட்டை. அம்மா போன பிறகு விருதுநகர் வீட்டில் அப்பாவும் தனிக்கட்டை. போன லீவில் மெயின்லேண்ட் போனபோது, ஹாலில் பீரோ மேல் ஒரு கேமரா வைத்துவிட்டு வந்தேன். என் போனில் விரலால் தள்ளினால் அங்கே அது தலையைத் திருப்பும். படம் மட்டும்தான், சத்தம் வராது. சத்தம் வருகிற கேமராவுக்கு விலை கொஞ்சம் கூட. எதற்கு வெட்டிச் செலவு என்று விட்டுவிட்டேன்.

தீவிலிருந்து பார்க்க வேண்டுமே, அதற்காக வீட்டு ரவுட்டரில் வெளியிலிருந்து நுழைகிற வழியை நானே திறந்து வைத்தேன். பாஸ்வேர்டை மாற்றவில்லை. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்ததே போதும் என்றிருந்தேன். இரண்டு நாற்காலியும் ஒரு டிவியும் இருக்கிற வீட்டில் எவன் வந்து என்னத்தைத் திருடப் போகிறான்?

முதல் மாதம் தினமும் பார்த்தேன். அப்புறம் இங்கே நெட் இழுவை, கப்பல் வருகிற நாட்களில் ஆபீஸில் ரகளை, அது இது என்று வாரம் ஒருமுறை ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்தால், இங்கே நான் ஒற்றை ஆளாகச் சோற்றைப் பிசைவது தொண்டையில் இறங்காது. அதனால் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் சாக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்டார்.

"நேத்து மூணு மணிக்குப் பாத்தேல்லப்பா, புதுச்சட்டை எப்படி இருந்துச்சு?"

நான் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது. "நல்லாருந்துச்சுப்பா" என்றேன். வயசாகிறது, குழம்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தெனமும் டாண்ணு மூணு மணிக்கு கேமராவத் திருப்பிப் பாத்துர்ற. எம்புட்டு வேலை இருந்தாலும் மறக்க மாட்டேங்குற" என்றார். குரலில் அப்படியொரு பெருமை.

மறுநாள் ஹேடோ ஆபீஸில், எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெங்காலிக்காரரிடம் இதை ஒரு தமாஷாகச் சொன்னேன். அண்ணன் என்கிற மாதிரி அவரை எல்லாரும் தாதா என்போம். அவர் சிரிக்கவில்லை.

"ரவுட்டர் கா யூசர் நேம்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"அட்மின்."

"ஔர் பாஸ்வேர்ட்?"

"வோ பீ அட்மின்." அதுவும் அதேதான் என்றேன்.

தாதா தலையில் கை வைத்துக்கொண்டார். என் போனிலேயே ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியலைக் காட்டினார். தினமும் மூன்று மணி வாக்கில் எவனோ வந்து போயிருக்கிறான். எந்த ஊர், எந்த நாடு, ஒன்றும் தெரியவில்லை. இது பழைய மாடல், இதில் ஓட்டை இருப்பது எல்லாருக்கும் தெரியும், இப்படித் திறந்து கிடக்கிற ரவுட்டரைத் தேடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. எவனோ ஒரு களவாணிப்பயல் என் அப்பாவைத் தினமும் பார்த்திருக்கிறான். கோபத்தில் மேஜையைக் குத்தினேன். கோபம் மட்டும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவன்மேல் எனக்குப் பொறாமையும் வந்தது.

தாதா அன்றைக்கே வழியை அடைத்தார். புது பாஸ்வேர்ட் போட்டு, ரவுட்டருக்கு அப்டேட் ஏற்றி, நான் மட்டும் பார்க்கிற மாதிரி வேறு வழி செய்து கொடுத்தார். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"என்னப்பா, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான்ப்பா இருக்கேன்."

"நாலு நாளா கேமரா திரும்பவே இல்ல, அதான் கேட்டேன். வேலைன்னா பரவால்ல."

"கப்பல் வந்துருக்குப்பா" என்றேன். அன்று எந்தக் கப்பலும் வரவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து கேமராவைத் திருப்பினேன். அப்பா நாற்காலியை பீரோவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை வாரி, திருநீறு பூசி, கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். கேமரா திரும்பியதும் முகமெல்லாம் சிரிப்பு. பேச ஆரம்பித்தார். கையை ஆட்டினார், ஜன்னல் பக்கம் எதையோ காட்டினார், நடுவில் ஒருமுறை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் பேசினார்.

இத்தனை மாதமும் இப்படித்தான் பேசியிருப்பார். அதில் சத்தம் வராது என்று அவரிடம் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.