குதிருக்குள் ஒளிந்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? எங்கள் வீட்டில் இது தலைப்புச் செய்தி!

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரங்கு. பேசும் படம் வந்த புதிதில் எடுத்த நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட்டார்கள். பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. எனக்கோ பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்திக்கு ஏதாவது வேண்டும்... அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அவருக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். கருவி மாட்டியும், நாலு பேர் சேர்ந்து பேசினால் எல்லாம் இரைச்சல்தான். "திரும்பச் சொல்லுங்கன்னு எத்தனை தடவை கேக்குறது?" என்று வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். வீட்டில் நான் என்ன கேட்டாலும் ஒரு புன்னகை, ஒரு தலையாட்டல். நல்ல மனுஷன் இன்னும் நல்லவராகிவிட்டார் என்று நானும் இருந்துவிட்டேன். என்ன மனைவி நான்!

படத்தில், மாமியாருக்குப் பயந்த மாப்பிள்ளை நெல் கொட்டி வைக்கும் குதிருக்குள் ஒளிந்துகொள்கிறான். மாமியார் வெளியிலிருந்து தட்டி, "உள்ளே யாரு?" என்கிறாள்.

"நெல்லுங்க அத்தை!"

அரங்கிலேயே முதலில் சிரித்தவர் என் கணவர்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் படத்தை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்படிங்க எல்லாம் புரிஞ்சுது?"

"ஒருத்தர் பேசி முடிச்ச பிறகுதான் அடுத்தவர் பேசுறாங்க லா. நம்ம பக்கம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசுறாங்க. பின்னால மியூசிக்கும் இல்ல."

உண்மைதான். அந்தக் காலத்தில் மைக்கை எங்கேயாவது மறைத்து வைத்திருப்பார்கள். எல்லாரும் அதன் பக்கத்திலேயே நின்று, முறை வைத்துப் பேச வேண்டும். மரம் மாதிரி நிற்கிறார்களே என்று நாம் கேலி செய்கிறோம். நானோ சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே இரண்டு வருடமாக அவரிடம் பேசியிருக்கிறேன்! காதில் விழாததற்கெல்லாம்தான் அவர் தலையாட்டியிருக்கிறார்.

இப்போதெல்லாம் குழாயை மூடுகிறேன். டிவியை அணைக்கிறேன். எதிரே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசுகிறேன்.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்தேன். "சனிக்கிழமை சுவா சூ காங்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயி, ரெண்டு நாள் தங்கிட்டு வருவோமா?"

முழுக்கக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"முடியாது. உன் தங்கச்சி வைக்கிற ரசத்தை ரெண்டு நாள் என்னால குடிக்க முடியாது."

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில், அவர் 'முடியாது' என்று சொல்லி நான் கட்டிப்பிடித்துக்கொண்டது இதுதான் முதல் தடவை!