ஓரகத்தியின் திரை

அண்ணனையும் தம்பியையும் மணந்த ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில் உண்டு, ஒரே கண்காணிப்பு அறையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் வேலை பார்த்தார்கள். சாலைச் சந்திப்புகளின் கேமராக் காட்சிகளைப் பார்த்து, மயிரிழையில் தவிர்ந்த மோதல்களைக் குறித்துக் கொடுப்பது அவர்கள் பணி. அதை வைத்துப் பொறியாளர்கள் சந்திப்பைத் திருத்துவார்கள்.

மூத்தவள் எதைக் கண்டாலும் பதறிக் குறிப்பாள். இளையவள் பொறுக்கியெடுத்துக் குறிப்பாள். ஆகவே இளையவள் கண்காணித்த மருத்துவமனைச் சந்திப்புத்தான் முதலில் சீரானது. மேலதிகாரி பாராட்டியதை மாமியார் தெருவெங்கும் தம்பட்டம் அடித்தார்.

"எங்க சின்னவ நினைச்சா ரோட்டையே நேராக்கிடுவா. பெரியவளும் அந்த ரோட்டுலதான் போறா, வர்றா."

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. அன்றுமுதல் தன் திரையைவிட ஓரகத்தியின் திரையையே அதிகம் பார்த்தாள். திங்களன்று ஒரு பிடி கிடைத்தது. அந்தச் சந்திப்பில் புதிதாக நட்ட விளம்பரப் பலகையொன்று, சாலையைக் கடப்பவர்களை இடப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்குத் தெரியாமல் மறைத்தது. இளையவள் அதைக் கவனிக்கவில்லை. மூத்தவளும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, அவள் மூக்கை உடைக்கக் காத்திருந்தாள்.

வியாழன் மதியம், மாமியாருக்கு மருந்து வாங்கக் கிளம்பிய இளையவள், தன் திரையையும் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் அந்தத் திரையிலேயே தோன்றினாள்: அதே பச்சைப் பை, அதே அவசர நடை. பலகையின் மறைவிலிருந்து ஒரு பைக் பாய்ந்தது. மருந்துப் பொட்டலம் பறந்தது. பைக் அவள் புடவையை உரசிக்கொண்டு நின்றது.

மூத்தவள் பொறியாளரைப் போனில் அழைத்து, பலகையை உடனே அகற்றச் சொன்னாள்.

"எப்பலேருந்துங்க இப்படி இருக்கு?"

"இப்பத்தான் பார்த்தேன்."

மாலைக்குள் பலகை போய்விட்டது.

மறுநாள் கூட்டத்தில் பலகையை அகற்ற வைத்ததற்காக மேலதிகாரி வழக்கம்போல் இளையவளைப் பாராட்டத் தொடங்கினார். அவள் எழுந்து தடுத்தாள்.

"நான் இல்ல சார், அக்காதான். நான் எப்படியோ தப்பிச்சேன். அடுத்து வர்றவங்க தப்பிச்சிருப்பாங்களா? அக்கா பார்த்த நிமிஷமே போன் பண்ணிட்டாங்க."

கைதட்டல் எழுந்தது. மூத்தவள் இத்தனை நாள் ஏங்கியது இந்தக் கைதட்டலுக்குத்தான். ஆனால், 'பார்த்த நிமிஷமே' என்ற சொல் முள்ளாய்க் குத்தியது. திங்கட்கிழமையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாது. கிடைத்த பாராட்டை இவ்வளவு எளிதாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக அமர்ந்த ஓரகத்தியைக் கண்டபோது, மூத்தவளின் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.