சின்னபொண்ணு உழுத வண்டிப்பாதை

திண்டிவனத்துக்குக் கிழக்கே சின்னபொண்ணுக்கு இருந்த ஒரு காணி நிலத்தைத் தெய்வசிகாமணியின் வண்டிப்பாதை இரண்டாகப் பிளந்தது. அவள் மாமனார் தம் நிலத்தின் பின்பாதியைத் தெய்வசிகாமணியின் அப்பாவுக்கு விற்றபோது, அங்கே போக வேறு வழி கிடையாது. அதனால் விதவையான பிறகும் அவள் அந்தப் பாதையை மறித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் பஞ்சாயத்து ரோடு தெய்வசிகாமணியின் நிலத்தை ஒட்டியே வந்தது. அப்போதும் அவர் வண்டிகள் அவள் நிலக்கடலை விதைத்த மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவில்தான் ஓடின.

"அண்ணே, உங்களுக்குத்தான் ரோடு வந்துடுச்சே. என் நெலத்த விட்டுடுங்க" என்று கேட்டாள்.

"எங்கப்பன் காலத்து வழி. உன்னால அடைக்க முடியுமா?" என்று சிரித்தார்.

சின்னபொண்ணு முன்சீப் கோர்ட்டுக்குப் போனாள். ஊர் என்னென்னவோ பேசியது. வேறு வழி இல்லாததால் வந்த உரிமை, வழி கிடைத்ததும் முடிந்துவிட்டது என்று கோர்ட்டில் தீர்ப்பானது.

மறுநாள் அவள் ஏரோடு போனபோது தெய்வசிகாமணி வாடிய முகத்தோடு நின்றிருந்தார். பிடுங்கிய மல்லாட்டை அவர் நிலத்தில் குவிந்து கிடந்தது. வண்டி ரோட்டில் ஏறுவதற்கு அந்தப் பக்கத்து வரப்பை அவர் இன்னும் வெட்டவில்லை. வானமோ கருத்திருந்தது.

"மழை வருதுண்ணே. ஜல்தியா ஏத்திக்கினு போங்க. இது நானா விடுறது, பாத்தியதைன்னு நெனச்சுக்காதீங்க."

அவர் அவசரமாகப் பாரம் ஏற்றினார். கடைசி வண்டி போனதும் அவளே மேழியைப் பிடித்தாள். சக்கரங்கள் இறுக்கிய மண்ணில் கலப்பையின் கொழு துள்ளியது. உடம்பின் பாரத்தையெல்லாம் வைத்து அழுத்தினாள். மண் பிளந்து புரண்டபோது, மாடுகளை அதட்டிய அவள் குரல் ரோடு வரைக்கும் கேட்டது.