டென்மார்க்காரரின் ஐஸ்கிறீம் பெட்டி

கறி வைத்த பிளாஸ்டிக் பெட்டியை என்ன போட்டுக் கழுவினாலும் மஞ்சள் போகாது. வெந்நீர், தேசிக்காய், அப்பச் சோடா எல்லாம் பார்த்துவிட்டேன். இன்று காலையிலிருந்து எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுச் சிங்க் ஓரத்தில் ஓர் ஐஸ்கிறீம் பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. நேற்றுத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும், நான் மகளின் மற்றச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஓர் அம்மா அவள் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே பயற்றம் பணியாரம். மகள் ஒன்றைத் தின்று முடித்த பிறகுதான் மூடியைப் பார்த்தேன். சிவப்பு நெயில் பொலிஷால் ‘டெ’ என்று எழுதியிருந்தது. உடனே பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பணியாரம் தின்றால் காய்ச்சல் வருமா என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் என் கை முதலில் போகும் இடம் அதுதான்.

எங்கள் கோயில் மண்டபத்துக் குசினியை நீங்கள் பார்த்திருந்தால் அந்த எழுத்து விளங்கும். திருநாள் என்றால் எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு வரும். எல்லாம் ஒரே மாதிரி ஐஸ்கிறீம் பெட்டிகளில் வரும். எது யாருடையது என்று அடிபடாமல் இருக்க, பெண்கள் மூடியில் நெயில் பொலிஷால் குறி வைப்பார்கள். அம்மாவினுடையது ஒரு சிலுவை. கிங்ஸ்பரிப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் டென்மார்க்கில் இருந்துவிட்டு வந்தது. அவர்களை எல்லோரும் டென்மார்க்காரர் என்றே சொன்னார்கள். கடைசியில் அவர்களே அந்த எழுத்தை மூடியில் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் நான் அந்த மூடியை முதன்முதலில் கண்டது கோயிலில் அல்ல. மகள் பிறக்கும் முன் நான் வேலை பார்த்த கல்லூரியில். படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை, மாணவர் நிதியுதவி அலுவலகம். வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, புத்தகச் செலவு கொடுக்கும் இடம். கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிக் கவுண்டர், முன்னால் பிளாஸ்டிக் கதிரைகள், நனைந்த கோட்டுகளின் மணம். அம்மா கோயிலில் எல்லோருக்கும், “பிள்ளை கொலிச்சில காசு குடுக்கிற இடத்தில நிக்கிறா” என்று சொல்லிவைத்துவிட்டார். அதன்பிறகு பூசை நடுவில் பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லக் கை நீட்டுகிறவர்கள் கையை விடாமல், “எங்கட பெடியனுக்கும் ஒருக்காப் பாருங்கோவன்” என்பார்கள். என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது போல நானும் பெரிய மனுசியாகத் தலையாட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கம்.

தமிழ்ப் பெற்றோர் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். மாணவனிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டால் தகப்பன் பதில் சொல்வார். எத்தனை மணிக்குப் பஸ் எடுக்கிறாய் என்றாலும் தகப்பன். ஒரு தகப்பனார் எல்லாப் பதிலையும் சொல்லி முடித்துவிட்டு, “இவர் காலமை சாப்பிடுறேல்லை தங்கச்சி, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ” என்றார். சாப்பிடச் சொன்னேன். மகன் என்னைப் பார்த்த பார்வையில் அன்று மதியம் எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் தனியாக வருகிற தமிழ்ப் பிள்ளை என்றால் மனது ஒரு கணம் நின்றுவிடும். அப்படித்தான் அவள் வந்தாள். ஜெனி என்று வைத்துக்கொள்வோம். உட்காருவதற்கு முன்னமே, “அக்கா, நீங்கள் எந்தச் சேர்ச்?” என்று கேட்டாள். சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த நாள் திரும்பி வந்து, கண்ணாடிக்கு அப்பால் நின்றபடி, “எனக்கு வேற இடம் இல்லை” என்றாள்.

வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனின் சம்பள விபரம் இல்லாமலே உதவி கொடுக்க வழி இருந்தது. அவள் ஏன் வீட்டை விட்டு வந்தாள் என்பதைப் பொறுப்பான இன்னொருவர் உறுதிப்படுத்த வேண்டும். அவளுடைய டொக்டர் அதைச் செய்திருந்தார். தகப்பன் செய்ததை நான் இங்கே எழுதவில்லை. வெயில் காலத்திலும் அவள் கழுத்தை மூடிக்கொண்டு வருவாள் என்று மட்டும் சொல்கிறேன். தான் இங்கே படிப்பது அவருக்குத் தெரியக்கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. காசு இரண்டாவது.

எங்கள் அலுவலகத்தை நடத்தியவர் மொறீன். ஜமைக்காவில் பிறந்தவர், சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எனக்கு அவர் முதல் நாளே ஒரு வசனம் சொல்லித் தந்திருந்தார். யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும், அப்படி ஒருவர் இங்கே படிக்கிறார் என்றோ படிக்கவில்லை என்றோ சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. தமிழில் சொன்னால் அது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். நான் வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று சிரித்தபடி சொல்லிப் பழகினேன். சிரித்தால் இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு மழை நாளில் மெலிந்த ஓர் அம்மா கவுண்டருக்கு வந்தார். கையில் துவாயில் சுற்றிய ஐஸ்கிறீம் பெட்டி. மகளை இந்தப் பக்கத்துப் பஸ்ஸில் யாரோ கண்டதாகச் சொன்னார்களாம். நான் பழகிய வசனத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் பிள்ளை. புட்டும் கணவாய்க் கறியும். ஆராவது சாப்பிடட்டும்” என்று பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். வாசலுக்கு நேரே ஒரு கார் சிக்னல் விளக்குகள் மின்ன மின்ன நின்றது. அவர் ஏறியும் அது உடனே போகவில்லை.

நம்மவர்களுக்குப் பார்சல் ஒன்றை மறுக்கத் தெரியாது. ஊருக்குப் போகிறவரிடம் யாரோ ஒருவரின் மருந்தும் சப்பாத்தும் கொடுத்துவிட்டால் வாங்கிக்கொண்டுதான் போவோம். மொறீன் அதைக் குப்பையில் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டை எறிகிற வீட்டில் தான் வளரவில்லை என்று சொல்லி ஃபிரிட்ஜில் வைத்தார். ஜெனி வந்தபோது நடந்ததை அவரே அவளுக்குச் சொன்னார். எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம் என்றார்.

மூடியில் ‘டெ’யைக் கண்டதும் அவள் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு நேர்முக அறையில் இருந்து, சூடாக்காமலே, கையால் சாப்பிட்டாள். கறி மணம் கட்டிடம் முழுக்கப் போனது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாப்பிட்டு முடித்ததும், பெட்டியை எறிந்துவிடு, எங்கேயும் திருப்பிக் கொடுக்காதே என்று சொன்னேன்.

“அம்மான்ர பெட்டி அக்கா.”

“பெட்டி திரும்பிப் போனா நீ இங்க நிக்கிறாய் எண்டு விளங்கிடும் ஜெனி.”

“ஓம். விளங்குது” என்றாள்.

விளங்கித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி, பிறகு அவள் மொறீனிடம் சொன்னபடி, அவளுடைய அறையில் யன்னலோரம் இருந்திருக்கிறது. தினமும் அவளைப் பார்த்துக்கொண்டு. இரவல் வந்த பாத்திரத்தை வைத்திருப்பது எங்கள் வீடுகளில் எப்படி மனதை அரிக்கும் ஓர் அந்தரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு அல்லாத ஒரு கிழமை நாளில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, கோயில் மண்டபத்துக் குசினிக்குப் போய், உரியவர் தேடி எடுக்கட்டும் என்று பெட்டிகள் அடுக்கும் தட்டில் அதை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். யார் வைத்தது என்று தெரியாது என நினைத்திருக்கிறாள். அதோடு, பெட்டியை வெறுமனே கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். ஒரு பழமாவது, ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் கொடுப்போம்.

பிறகு ஒரு நாள் கவுண்டருக்கு அவளுடைய தகப்பன் வந்தார். நல்ல கோட், அமைதியான முகம். என்னை, “தங்கச்சி” என்றார். அதே பெட்டியைக் கவுண்டரில் வைத்து மூடியைத் திறந்து கவிழ்த்தார். சிறிய கடதாசிப் பைகளில் சீனி. கல்லூரிக் கன்ரீனில் தேநீருக்குச் சும்மா எடுக்கலாமே, அந்தப் பைகள். கவுண்டர் முழுக்கச் சிதறியது.

நான் என் வசனத்தைத் தொடங்கினேன்.

“சொல்ல வேண்டாம்” என்றார். “உங்கட கன்ரீனில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வாறன். அதே சீனி.”

அவர் சத்தம் போட்டிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். சீனிப் பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பவும் பெட்டிக்குள் போட்டு, மூடி, பிளாஸ்டிக் கதிரையில் போய் இருந்தார். வருகிற போகிற பிள்ளைகளுக்கெல்லாம் கால் மடக்கி வழி விட்டார். ஒரு பிள்ளையின் விழுந்த பேனையை எடுத்துக்கூடக் கொடுத்தார்.

மொறீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசினார். அன்று ஜெனி வகுப்பிலிருந்து முன்வாசலால் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வேறொரு நகரத்தில், வேறொரு கல்லூரியில், அவளுடைய உதவியும் இடமும் மாற்றப்பட்டதாக மட்டும் மொறீன் சொன்னார். எந்த நகரம் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டு, நீ அவர்களுடைய கோயிலுக்குத்தானே போகிறாய், உனக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்றார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது. சில நாள் அதுவும் படாது. போய்ச் சேர்ந்தாளா என்றாவது கேட்டிருக்கலாம்.

அந்தக் கவுண்டர் இப்போது இல்லை. எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது. பிள்ளைகள் ஃபோனில் விண்ணப்பித்து ஃபோனிலேயே பதில் பெறுகிறார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் சிற்றுண்டி விற்கும் இயந்திரம் நிற்பதாக, அங்கே இன்னும் வேலை செய்யும் தோழி சொன்னாள். மொறீன் ஓய்வு பெற்றுப் பிறந்த ஊருக்கே போய்விட்டார். ஜெனி எந்த நகரம் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நானும் மகள் பிறந்த பிறகு அங்கே திரும்பிப் போகவில்லை.

டென்மார்க்காரர் கிங்ஸ்பரியிலேயேதான் இருக்கிறார்கள். தமிழ்ப் பூசைக்கு வருவார்கள். போன முறை அந்தத் தகப்பன் என் மகளின் தலையைத் தடவி, “மகள் எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டார். யாரும் கேட்கிற கேள்விதான். நான் சிரித்துக்கொண்டு வேறு எதையோ சொன்னேன்.

நேற்று ஜெனியின் அம்மா பெட்டியை என்னிடம் தரவில்லை, பிள்ளையிடம் தந்தார். அவருக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். மகள் உயிரோடு இருக்கிறாளா என்று அவரால் யாரிடமும் வாயால் கேட்க முடியாது. நான் இதற்குள் ஒரு தோடம்பழம் வைத்துக் கொடுத்தாலும் அவர் அதை ஒரு பதிலாகத்தான் எடுப்பார். வெறுமனே கொடுத்தால் அதுவும் ஒரு பதில். கொடுக்காமல் விட்டாலும்தான். எனக்கோ ஒன்றும் தெரியாது. பெட்டியை முதலில் தாய் திறப்பாரா தகப்பன் திறப்பாரா என்பதும் தெரியாது.

சொல்ல அனுமதியில்லை என்று சொல்வதற்கு என் குசினியில் அந்தக் கவுண்டர்க் கண்ணாடி இல்லை. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, துவாயால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் பழக்கியது.

“அம்மா, இதுக்குள்ள என்ன வைப்பம்?” என்று கேட்கிறாள்.