ஏர் ஃபில்டருக்குள் ஒரு குடித்தனம்

எங்கள் கார் சிக்னலில் நின்றால் போதும், விக்கல் எடுக்க ஆரம்பித்துவிடும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. பிரேக்கில் கால் வைத்து நின்றதும் எஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், பட்டென்று அணைந்துபோகும். ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வரை இத்தனை சிக்னலா என்று அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

ஒருநாள் பெருங்களத்தூரில், பச்சை விழுகிற நேரம் பார்த்து அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன். பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னாக்கா, வண்டி தூங்கிகினு கீதா? தண்ணி தெளிச்சு எழுப்புக்கா!" என்றார். அந்த எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை என் கணவர் கையில் ஒரு ஸ்ப்ரே டப்பாவோடு பார்க்கிங்கில் இறங்கினார். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. முந்தின நாள் முழுக்க போனில் வீடியோ பார்த்திருந்தார்.

"எஞ்சினுக்குக் காத்து போற வழியில ஒரு மூடி இருக்கும்மா. அதுல கரி புடிச்சிருக்கும். தொடச்சா சரியாயிடும்."

கீழ் வீட்டு சார் வந்து நின்றார். பாங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். "பேட்டரியப் பாத்தீங்களா?" என்றார். லிஃப்ட் நின்றாலும் அவர் அதைத்தான் கேட்பார்.

என் பழைய நைட்டித் துணி கறுப்பாகும்வரை துடைத்தோம். ஸ்டார்ட் செய்தேன். அதே விக்கல். கணவர் முகம் தொங்கிப்போனது.

நான் எஞ்சினை ஓடவிட்டு இறங்கி, பானெட்டுக்குள் குனிந்தேன். உள்ளே எங்கோ 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் விரலால் தடவினேன். ஒரு ஓட்டை. என் கட்டைவிரலை அப்படியே உள்ளே இழுத்தது. விரலால் அடைத்த கணமே எஞ்சின் சமர்த்தாக ஓடியது. எடுத்தேன், விக்கல். வைத்தேன், அமைதி.

"போதும், வெளையாடாத" என்றார் கணவர்.

"நீங்க ஒருதடவ வெச்சுப் பாருங்களேன்."

வைத்தார். எடுக்க மனமில்லாமல் நின்றார். அடுத்து சாரும் கேட்டு வாங்கி ஒருமுறை வைத்துப் பார்த்தார். "பேட்டரி நல்லாத்தான் இருக்குபோல" என்றார்.

ஓட்டையைச் சுற்றிப் பல் தடங்கள். எலி! எஞ்சினை அணைத்துவிட்டு, கணவர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றித் திறந்தார். உள்ளே முழு வீடே கட்டியிருந்தது. தேங்காய் நார், தெர்மாகோல், பாதி முறுக்கு. நடுவில் மெத்தென்று பழுப்பு நிறக் கம்பளி நூல். குடியிருந்தவரை மட்டும் காணோம்.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு குஞ்சம் எட்டிப் பார்த்தது. சார் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

எங்களுக்கும் புரிந்துவிட்டது. சில நாட்களுக்கு முன் அவருடைய குஞ்சம் வைத்த மங்கி குல்லா மொட்டை மாடியில் காணாமல் போயிருந்தது. 'எடுத்தவர்கள் தாமாகவே கொடிக்கம்பியில் போட்டுவிடவும். பெயர் கேட்கப்பட மாட்டாது' என்று அபார்ட்மெண்ட் குரூப்பில் போட்டிருந்தார். மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் காலேஜ் பையன்கள்மேல் அவருக்குச் சந்தேகம்.

நான் கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன்.

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன், பார்க்கிங்ல இன்னொரு லைட் போடணும்னு." குஞ்சத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி, "குரூப்ல போட்டோ எதுவும் வேண்டாம், மேடம்" என்றார். அன்று மாலை அந்தப் பையன்களுக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கேசரி போனது. எதற்கென்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

தாம்பரத்தில் புதுக் குழாய் வாங்கி மாட்டினோம். மறுநாள் என்னுடன் வேலை பார்க்கும் டீச்சரின் மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம். முகூர்த்த நாள்; மலையடிவாரத்தில் கார்கள் நகரவே இல்லை. நாங்கள் ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரே சீராக ஓடியது.

ஒருவழியாக இடம் கிடைத்து நிறுத்தியபிறகும் நான் சாவியைத் திருப்பவில்லை.

"ஆஃப் பண்ணும்மா. தாலி கட்டிடப் போறாங்க."

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன்."