'பிறகு' என்ற பொத்தான்

இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அவள் செய்யும் முதல் வேலை, கணினித் திரையில் 'பிறகு' என்ற பொத்தானை அமுக்குவதுதான். புதிய பதிப்பு தயார், இப்போதே மாற்றட்டுமா என்று அது கேட்கும். பிறகு என்பாள். மறுநாளும் வெட்கமில்லாமல் வந்து நிற்கும். வீட்டு வாசலுக்கு வரும் விற்பனைக்காரன்கூட நாலு முறை சொன்னால் போய்விடுவான். இது போகவில்லை.

அவள் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. முன்னறைச் சுவரை ஒட்டி நின்ற எம்பிராய்டரி மிஷின், அந்தக் கணினி சொன்னால்தான் ஊசியை அசைக்கும். விற்றவர் அன்றே எச்சரித்திருந்தார். "இதோட புரோகிராம் பழசும்மா. கம்ப்யூட்டர்ல எதையும் மாத்திடாதீங்க." எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அதனாலேயே திரையில் எது வந்தாலும் உதடசைத்துக் கடைசி எழுத்துவரை படித்த பிறகுதான் கை வைப்பாள்.

அன்று சனிக்கிழமை. பெண்கள் கால்பந்து அணி ஒன்றுக்குப் பதினாறு ஜாக்கெட்டுகள், முதுகில் பருந்துச் சின்னம். ஒன்பது முடிந்திருந்தன. நாலு மணிக்குப் பயிற்சியாளர் வந்து வாங்கிக்கொள்வார். ஐந்து மணிக்கு அவர்களுடைய பேருந்து. பெரிய கடையை விட்டு அவளை நம்பி வந்த முதல் அணி அது. கருப்பு நூல் தீர்ந்துவிட, ஒன்பதரைக்குக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது திரை முழுக்க நீலம். 'முப்பத்தொரு சதவீதம். அணைத்துவிடாதீர்கள்.'

எதிரே கொழுந்தன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். செல்போனுக்கு உறை விற்கும் கடையில் அவனுக்கு வேலை. வீட்டில் அவனை இன்ஜினியர் என்பார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது, அவன் அதை நம்பிவிட்டான்.

"அண்ணி, உங்க சிஸ்டம் பாவம், அப்டேட் கேட்டுக் கதறிட்டிருந்துச்சு. போட்டு விட்டுட்டேன். இனிமே பாருங்க, சும்மா பறக்கும்."

யாரைக் கேட்டுப் போட்டீங்க தம்பி என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அவளுடைய கேள்விகள் எல்லாமே அங்கேதான் நின்றுவிடும். மிச்சம் ஏழு ஜாக்கெட்டுகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

'கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்' என்றது திரை. பதினோரு மணிக்கும் அதையே சொன்னது. இரண்டு முறை தானே அணைந்து தானே எழுந்தது. வந்த வரிகளையெல்லாம் அவள் படித்தாள். பன்னிரண்டுக்கு வணக்கம் சொன்னது. உங்களுக்காக எல்லாவற்றையும் அழகாக்கியிருக்கிறோம் என்றது. எவர் கேட்டார்? கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி: பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம்.

எம்பிராய்டரி புரோகிராமைத் திறந்தாள். 'மிஷின் இணைக்கப்படவில்லை.' கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். இணைக்கப்படவில்லை. கேபிளின் ஒரு முனை இதில், மறுமுனை அதில், நடுவில் அவள். இணைக்கப்படவில்லையாம்!

"நகருங்க அண்ணி, ரெண்டு நிமிஷ வேலை," என்று இன்ஜினியர் உட்கார்ந்தான். அந்த இரண்டு நிமிடம் ஒன்றேகால் மணிவரை நீண்டது.

"நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டு, இப்ப கையைப் பிசையறான் பாரு," என்றார் மாமியார் சமையலறையிலிருந்து.

"அம்மா, நீ சும்மா இரு."

"தம்பி, பழசுக்குத் திரும்பலாம்னு போட்டிருந்துச்சு…"

"அதெல்லாம் நடக்காது. உங்களுக்குப் புரியாது அண்ணி, விடுங்க."

இணையத்திலிருந்து எதையோ இறக்கப் பார்த்தான். கணினியில் இடம் போதவில்லை. எதையெல்லாம் அழிக்கலாம் என்று ஒரு பட்டியலைத் திறந்தான். அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து அவள் உதடசைத்துக்கொண்டிருந்தாள். முந்தைய பதிப்பின் கோப்புகள். நீக்கினால் திரும்ப முடியாது. அவன் அதில் குறியிட்டு, அம்பை 'நீக்கு'க்கு நகர்த்தினான்.

"கையை எடுடா!"

எட்டு வருடமாக வாங்க தம்பி, போங்க தம்பி என்று மட்டுமே கேட்ட வீடு அது. மாமியார் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். மவுஸிலிருந்து அவன் கை தானாக எழும்பியது.

"படிக்கத் தெரியுமில்ல? படி. சத்தமா படி."

"நீக்கினால்… திரும்ப முடியாது."

"அதைத்தான் அமுக்கப் போனே. எந்திரி."

எழுந்தான். அவள் உட்கார்ந்து, பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தானை ஒவ்வொரு பக்கமாகத் தேடிக் கண்டுபிடித்தாள். அப்போதும் அது விடவில்லை. ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்டு, ஆறு காரணங்களை வரிசையாக நீட்டியது. எதுவும் அவளுடையதல்ல. கடைசியில் 'வேறு' என்று ஒரு கட்டம். ஒற்றை விரலால் தட்டினாள்: என்னைக் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குப் பழைய திரை வந்தது. மிஷின் ஒருமுறை இருமிவிட்டு ஊசியை இறக்கியது. ஒரு பருந்துக்குக் கால் மணி நேரம். கத்தரியைக் கொழுந்தன் மடியில் போட்டாள்.

"நூல் பிசிறை வெட்டு. துணியில பட்டுச்சு, தெரியும் சேதி."

ஏழாவது பருந்து முடிந்தபோது மணி மூன்றே முக்கால். பயிற்சியாளர் வந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, "அடுத்த சீசனுக்கும் உங்ககிட்டதான்," என்று அள்ளிக்கொண்டு போனார். அதற்குச் சிரிக்கக்கூட அவளால் முடியவில்லை. பல்லை இன்னும் கடித்தபடியே இருந்தாள்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, இதென்ன, புதுசா பாஸ்வேர்டு கேக்குது?"

"கேக்கட்டும்," என்றாள், மடிப்பை நீவிவிட்டபடி. "அதுக்காவது கேக்கத் தெரியுதே."