மஞ்சள் எச்சரிக்கைக்கு நான் எழுதிய காரணம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓகஸ்ட் மாதக் கடைசியில், லண்டனின் ஓரத்தில் இருக்கும் ஓர் ஐஸ் அரங்கில் இது தொடங்கியது. விளையாட்டு மருத்துவத் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டு, ஒரு தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணியில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. நான் குடியிருந்த கோலியர்ஸ் வுட்டிலிருந்து காலையில் வெயிலில் புறப்பட்டு, அரங்குக்குள் நுழைந்ததும் பையிலிருந்து குளிர் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

என் வேலையில் முக்கியமானது ஒரு பரிசோதனை. சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு வீரரையும் கணினி முன் உட்காரவைத்து, ஞாபகம் எப்படி, கவனம் எப்படி, எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறார் என்று அளந்து வைப்போம். பிறகு எப்போதாவது அவருக்குத் தலையில் அடிபட்டால் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்வோம். புதிய மதிப்பெண் பழையதோடு ஒத்துப்போனால் மூளை தேறிவிட்டது, விளையாடலாம். குறைந்தால் விளையாட முடியாது. இதற்கென்று பதினான்கு வரிகளில் நான் ஒரு பட்டியல் தயாரித்திருந்தேன். பட்டியல் போட்டு வேலை செய்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. ஒன்பதாவது வரி இது: மதிப்பெண் சந்தேகமாக இருந்தால் மறுநாள் மீண்டும் எடுக்க வேண்டும்.

அன்று இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நாளில் எடுத்து முடிக்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு அணியிலேயே மூத்தவர் வந்தார். முப்பத்து நான்கு வயது, தடுப்பாட்டக்காரர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர். மனைவியும் ஆறு வயது மகளும் உண்டு. அவர் முடித்ததும் திரையில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. மதிப்பெண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, முயன்று செய்யவில்லை போலத் தெரிகிறது, திரும்ப எடுக்கவும்.

அவர் சிரித்தார். சாப்பிட்ட பிறகு மூளை வேலை செய்யாது என்றார். வாசலில் நின்ற ஒருவன், "எல்லாரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், முட்டாளாக இருப்பதற்கும் அனுபவம் வேண்டும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு அரைகுறையாகவாவது புரிந்தது. வேண்டுமென்றே மோசமாகச் செய்து வைத்தால், பின்னால் அடிபட்ட தலையோடும் சுலபமாகத் தேறிவிடலாம் என்ற பழக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதே சொல்லித் தந்திருந்தார்கள்.

வெளியே இன்னும் ஆறு பேர் நின்றார்கள். எச்சரிக்கையைத் தாண்டிப் போக வேண்டுமானால் ஒரு காரணம் எழுத வேண்டும். "ஆங்கிலம் தாய்மொழி அல்ல" என்று எழுதினேன். நான் ஐஸில் நடக்கும் விதத்தை ஆங்கிலத்தில் நாள் முழுக்கக் கேலி செய்யக்கூடியவர் அவர்.

சீசன் மிக மோசமாகப் போனது. அரங்கில் ஐஸை வழித்து மட்டமாக்கும் மெஷினை ஓட்டுகிறவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். என்னைக் கண்டால் விடமாட்டார். "தங்கச்சி, எங்கட கோல் பக்கம்தான் ஐஸ் தேயுது. மற்றப் பக்கம் போட்டது போட்டபடி கிடக்கு. பாதி அரங்குக்குத்தான் எனக்குச் சம்பளம் தரப்போறாங்கள்" என்பார். டிசம்பருக்குள் நான்கு வீரர்கள் காயத்தில் வீட்டில் இருந்தார்கள். தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை எதிரணிக்காரன் ஒருவன் அந்த மூத்தவரைச் சுற்றுச் சுவரில் தலை அடிபட மோதித் தள்ளினான். அவர் எழுந்து, நம்முடையது என்று நினைத்து எதிரணியின் பெஞ்சை நோக்கிப் போகத் தொடங்கினார். ஆளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

ஒரு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டுப் பரிசோதனையை எடுத்தேன். பழைய மதிப்பெண்ணைவிடச் சற்றுக் கூடவே வந்தது. தலைவலி இல்லை, தலைசுற்று இல்லை என்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். மருத்துவர் என் தாளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கோச் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் ஏற்படுத்திய முறை சரியாக வேலை செய்கிறது என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு முன் மெஷின் அண்ணை என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உந்த அடிபட்ட உயரமான ஆள் பெஞ்சில இருந்து என்ர மெஷின் லைட்டுக்குக் கண்ணைப் பொத்துறார். முந்தி அப்பிடிச் செய்யிறேல்லை."

"டெஸ்ட்டில பாஸ், அண்ணை. டொக்டரும் ஓமெண்டிட்டார்."

"அப்ப சரி. நான் ஐஸுக்குத்தானே டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆட்டத்தில் பட்ட இரண்டாவது அடி பெரிய அடியே இல்லை. திரும்பும்போது ஒருவனுடைய தோள் அவர் தாடையில் உரசியது, அவ்வளவுதான். கொடியிலிருந்து சட்டை விழுவதுபோல விழுந்தார். கையை ஊன்றக்கூட இல்லை. முகம் ஐஸில் பட்ட சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஓடிப் போய் மண்டியிட்டபோது அவர் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அண்ணை மெஷினைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். "இரத்தமெண்டாலும் சிந்தியிருந்தா, வழிக்க எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும்" என்றார்.

ஏப்ரலில் சீசன் முடிந்தது. கடைசிக்கு முந்தின இடம். ஆட்டங்களெல்லாம் முடிந்த பிறகு அவருடைய ஃபிளட்டுக்குப் போனேன். பகலிலேயே திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். மகள் குசுகுசுத்துத்தான் பேசினாள். அந்த வீட்டில் அப்படித்தான் பேச வேண்டும் என்று பழகிவிட்டிருந்தாள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டபடி இருந்தார். நான் எப்படி வந்தேன் என்று கேட்டார், ரயிலில் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். அந்தப் பரிசோதனையை வேண்டுமென்றே கெடுத்தாராம். பத்து வருடங்களாக, போன ஒவ்வொரு அணியிலும் அப்படித்தானாம். "உனக்கு எப்படித் தெரியும்? உன்மேல் பிழை இல்லை" என்றார்.

சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என்னால் ஏலவில்லை. எச்சரிக்கை வந்ததைச் சொன்னேன். நான் என்ன காரணம் எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?" என்றார்.

"வெளியே ஆறு பேர் நின்றார்கள்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அவருடைய மனைவி எழுந்து போய், என் கோட்டை எடுத்துவந்து நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு படியில் இறங்கினேன்.

அடுத்த நாளே நடந்ததையெல்லாம் எழுதி அணிக் கழகத்துக்குக் கொடுத்தேன். விசாரித்தார்கள், எச்சரித்தார்கள், வேலையை விட்டு நீக்கவில்லை. அவர் குடும்பத்தோடு சொந்த நாட்டுக்குப் போய்விட்டார். இப்போது மஞ்சள் எச்சரிக்கை வந்த எந்த வீரரும் மறுநாள் என் முன்னால் திரும்ப உட்கார வேண்டும். முணுமுணுப்பார்கள், கோச்சிடம் போய்க் குறை சொல்வார்கள். நான் அசைவதில்லை.

அவர் போய்ச் சில மாதங்களில் அங்கே அவருக்குச் சிகிச்சை அளிக்கும் நிபுணரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மரியாதையான இரண்டே வரிகள். அவர் எவ்வளவு இழந்திருக்கிறார், எந்த அளவுக்கு மீள வேண்டும் என்று கணிக்க, அவர் நன்றாக இருந்த காலத்து மதிப்பெண் தேவை, அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். பதில் எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. ஒரு மனிதர் நலமாக இருக்கும்போது அவரை அளந்து வைப்பதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர் நலமாக இருந்ததன் அளவு இன்று அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, இனி எவராலும் எடுக்கவும் முடியாது.